"கூகுளில் முதலாம் இடம்" என்று வருபவர்களிடம் கவனம்

யாழ்ப்பாணத்தில் விடுதி, கடை, ரியூசன் சென்டர் என்று ஏதாவது ஒன்றுக்கு வெப்சைட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். எங்கள் தளத்தைக் கூகுளில் முதலாம் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று மாதாமாதம் காசு வாங்கிய ஒரு கூட்டம், கடைசியில் அதைக் கூகுளிலேயே இல்லாமல் ஆக்கிவிட்டது. அதுவும் நல்லூர்க் கொடியேற்றம் கிட்டுகிற நேரத்தில்.

கோயிலில் இருந்து நடந்து போகிற தூரத்தில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறோம். திருவிழா நடக்கும் 25 நாள்தான் எங்களுக்கு வருடத்தின் பெரும் உழைப்பு. கனடா, லண்டன், சுவிஸ் சனம் மாதக்கணக்குக்கு முன்னரே கூகுளில் தேடி, எங்கள் தளத்தைப் பார்த்து, நேராக வட்ஸ்அப்பில் வந்து அறை பிடிப்பார்கள். புக்கிங் நிறுவனங்களுக்குக் கொமிஷன் அழத் தேவையில்லை. அந்த வழிதான் அடைபட்டது.

வந்து கதைத்தவர் நல்ல மரியாதையான பெடியன். "மூண்டு மாசம் தாங்கோ அண்ணை, முதலாவதா நிப்பியள்" என்றார். மாதம் 25,000 ரூபா. மாத முடிவில் வண்ணப் படங்களோடு ஒரு ரிப்போர்ட் வரும். அதில் நாங்கள் எந்தெந்தச் சொல்லுக்கு முதலாம் இடம் என்று பட்டியல் இருக்கும். பட்டியலைக் கவனித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் எங்கள் விடுதியின் பெயர்தான், முன்னும் பின்னும் ஒரு சொல் மாற்றிப் போட்டிருப்பார்கள். அந்தப் பெயரில் வேறு விடுதி எங்கும் கிடையாது. அதை அடித்தால் நாங்கள் வராமல் வேறு யார் வருவது? மிச்சத்தில் சில, காசு கட்டிப் போட்ட விளம்பரம். விளம்பரம் என்ற அடையாளம் தெரியாதபடி படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

முடங்கின விசயத்தைச் சொன்னவர் ஸ்காபரோவில் இருந்து வருடாவருடம் வருகிற ஒரு ஐயா. "என்ன தம்பி, வெப்சைட்டை மூடிப்போட்டியளோ?" என்று கேட்டார். முகவரியை முழுதாக அடித்துப் பார்த்தால் தளம் திறக்கிறது. படங்கள், விலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. கூகுளில் பெயரை அடித்தால்தான் இல்லை. எங்கள் பேஸ்புக் பக்கம் வருகிறது, யாரோ எடுத்துப் போட்ட படம் வருகிறது, தளம் மட்டும் வரவில்லை. உள்ளூரில் ஒருவருக்கும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. கூகுள் மெப்பில் உள்ள பதிவு வேறு, தளம் வேறு. தளத்தைத் தூக்கினாலும் மெப்பில் பெயர் நிற்கும். ஆகவே ஊரில் தேடுகிறவர்களுக்கு நாங்கள் இருந்தபடியே இருந்தோம்.

பெடியனிடம் கேட்டால், "கூகுள் அப்டேட் ஒண்டு வந்திருக்கு அண்ணை, எல்லாருக்கும் விழுந்திருக்கு" என்று பதில். மீட்டுத்தர 'ரிக்கவரி பக்கேஜ்' இருக்கிறதாம், 85,000 ரூபா.

இந்த இடத்தை எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிலை உங்களுக்கும் சொல்வார்கள். கூகுள் தளங்களை வரிசைப்படுத்தும் முறையை மாற்றி, வருடத்தில் சில தடவை பெரிய அப்டேட் விடுவது உண்மைதான். அதில் தளங்கள் கீழே இறங்கும், இரண்டாம் பக்கம், ஐந்தாம் பக்கம் என்று போகும். ஆனால் சொந்தப் பெயரை அடித்தும் வராமல் போவது அந்த வகை இல்லை. ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் 'site' என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை அடியுங்கள். உங்கள் பக்கங்கள் பட்டியலாக வந்தால் தளம் கூகுளின் கணக்கில் இருக்கிறது, இடம்தான் இறங்கியிருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் அநேகமாக வேறு வில்லங்கம். எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை.

என் அக்காவின் மகன் கம்பியூட்டர் படிக்கிறவன். அவன் முதலில், எங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் தேடுபொறிகளைத் தடுக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் சரி போட்டிருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. அப்புறம், தளம் வைத்திருப்பவர்கள் கூகுளில் தங்கள் தளத்தின் நிலையைப் பார்க்கும் சேர்ச் கொன்சோலில் என் பெயரில் கணக்கு ஒன்று திறந்து, தளம் எங்களுடையது என்று நிரூபித்து உள்ளே போனான். அது முழுக்க இலவசம். 'மனுவல் அக்சன்' என்று அங்கே ஒரு பக்கம் இருக்கிறது. கூகுளில் வேலை செய்யும் ஆட்களே தளத்தைப் பார்த்துப் போடும் தண்டனை அதில் வரும். எங்கள் தளம் முழுவதற்கும் விழுந்திருந்தது. காரணம், பயனில்லாத, வெறுமையான பக்கங்கள்.

எந்தப் பக்கங்கள் என்று தேடிப் பார்த்தால் தலை சுற்றியது. தளத்தின் முகப்பில் எங்கும் தெரியாமல், உள்ளே நூற்றுக்கணக்கில் பக்கங்கள். 'கொக்குவிலில் மலிவான அறை', 'காரைநகரில் மலிவான அறை', 'பருத்தித்துறையில் மலிவான அறை' என்று வடமாகாணத்து ஊர் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே படம், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. அதில் ஒன்று 'கச்சதீவில் குளிரூட்டிய குடும்ப அறை'. வருடத்தில் ஒருக்கா அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் சனம் போய்த் திரும்புகிற, குடியிருக்க ஒருவரும் இல்லாத, குடிக்க நல்ல தண்ணீரும் இல்லாத தீவு. அங்கே எங்களுக்கு ஏசி றூம், காலைச் சாப்பாட்டோடு! கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வேலைக்கு 'டோர்வே' பக்கம் என்று பெயர், கூகுள் வெளிப்படையாகத் தடை செய்திருக்கும் பழைய தந்திரம். 2006இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜேர்மன் தளத்தையே இதற்காகத் தூக்கினார்கள். அவர்கள் திருத்திக்கொண்டு சில நாளில் திரும்பி வந்தார்கள். கார்க் கம்பனிக்கே அந்தக் கதி என்றால், நல்லூர் ஒழுங்கைக்குள் இருக்கும் எங்களைப் பார்த்துப் பாவம் பார்ப்பார்களா?

இதைவிட எனக்குப் பொறுக்க முடியாதது வேறு. இப்படித் தண்டனை விழுந்தால், சேர்ச் கொன்சோலில் அந்தத் தளத்தின் உரிமையாளராகப் பதிவானவருக்குக் கூகுள் மின்னஞ்சல் அனுப்பும். அந்த உரிமையாளராகப் பதிவாகி இருந்தது அந்தப் பெடியனின் மெயில் மட்டும்தான். போனில் நேராகக் கேட்டேன். "மெயில் வந்தது அண்ணை. நீங்கள் பதட்டப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை" என்றார். தான் செய்த வேலைக்கு விழுந்த தண்டனை என்று தெரிந்துகொண்டே, அப்டேட் என்று சொல்லி, அதைத் திருத்த எங்களிடமே 85,000 கேட்டிருக்கிறார்.

இப்போது உங்களுக்கு. முதலாம் இடத்துக்கு ஒருவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே உத்தரவாதம் என்ற சொல் வாயில் வந்த உடனேயே தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிவிடுங்கள். தளம் செய்து தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். சேர்ச் கொன்சோலில் உரிமையாளர் நீங்கள். வேலை செய்பவரைப் பயனராக மட்டும் சேருங்கள். உரிமையாளர் அந்தஸ்து சும்மா விசயம் இல்லை. அது கையில் இருப்பவர் நினைத்தால், தற்காலிக நீக்கம் என்று ஒரு பொத்தானை அமத்தி உங்கள் தளம் முழுவதையும் கிட்டத்தட்ட ஆறு மாதத்துக்குக் கூகுளில் மறைத்து வைக்கலாம். பிணக்குப்பட்டு விலக்கும்போதும் பெயரை மட்டும் எடுத்தால் போதாது. அவர் தன்னை உரிமையாளர் என்று நிரூபிக்கத் தளத்தில் வைத்த ஃபைலையோ குறியீட்டையோ சேர்த்து அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப உள்ளே வந்துவிடுவார்.

எங்கள் நிலைமை இதுதான். கச்சதீவு உட்பட அந்தப் பக்கங்களை எல்லாம் அழித்தாயிற்று. என்ன நடந்தது, என்ன திருத்தினோம் என்று எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அதற்கு ஒரு சதமும் கட்டவில்லை. பதில் வர நாட்களோ வாரங்களோ ஆகலாம்; அதற்கிடையில் திரும்பத் திரும்ப அனுப்பிப் பிரயோசனம் இல்லை. இந்த முறை திருவிழாவுக்கு அறைகள் பாதி காலி, மிச்சம் புக்கிங் நிறுவனம் மூலம் கொமிஷன் கட்டித்தான் நிரம்பியது.

கட்டின காசைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவதற்காகப் பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் 'சேர்விஸ்' என்ற ஒரே சொல்தான். என்ன வேலை, எத்தனை பக்கம், யாருடைய கணக்கில் என்று ஒன்றும் இல்லை. நீங்கள் யாருக்காவது காசு கட்டுவதாக இருந்தால் அந்த மூன்றையும் எழுதி, கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.