உறையில் வந்த பற்றனா, பிரித்த சட்டையா, கொப்பிக் கணக்கா?

கொலர் வைத்து, இடுப்பு ஒடுங்கி, கீழே வட்டமாக விரியும் 1950களின் சட்டை ஒன்றை வீட்டிலேயே தைக்க ஆசைப்படுகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு மூன்று வழி இருக்கிறது. லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ வரும் சித்தி, பழைய பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய பற்றன் (துணியை வெட்டுவதற்கான தாள் மாதிரி) உறையைக் கொண்டுவந்து தரலாம். அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் அம்மம்மாவின் சட்டையைப் பிரித்து அதன்படி வெட்டலாம். அல்லது மனையியல் படித்த பெரியம்மாவின் கொப்பியைத் திறந்து, உங்கள் உடம்பின் அளவை வைத்தே வரையலாம். எது சுகம் என்று கேட்பவர்களுக்கு என் கணிப்பைச் சொல்கிறேன்.

முதலில் உறை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் 1863இல், பல அளவுகளில் வெட்டிய தாள் பற்றன்களை விற்கத் தொடங்கினார். பிறகு மக்கோல், வோக், சிம்ப்ளிசிட்டி என்று பற்றன் கம்பெனிகள் பெருகின. உறையின் முன்பக்கப் படம் ஆளை மயக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்து அளவு அட்டவணையை. சைஸ் இலக்கத்தை நம்பவே கூடாது. 1950களின் தொடக்கத்தில் 12 என்றால் மார்பு 30 அங்குலம். 1960களின் கடைசியில் அளவுகளைத் திருத்தியபோது அதே 12, 34 அங்குலம் ஆகிவிட்டது. இன்றைக்குக் கடையில் 12 வாங்கிப் போடுகிற ஒருவர் அந்தப் பழைய 12ஐ வெட்டினால், சட்டை மகளுக்குத்தான் வரும். போதாக்குறைக்கு ஒரு உறைக்குள் ஒரே ஒரு சைஸ்தான்.

பெரிதாக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். 32 அங்குலப் பற்றனை 36 ஆக்க, மேற்சட்டையின் (இடுப்புக்கு மேலே வரும் பகுதியின்) முன் பாதியிலும் பின் பாதியிலும் துண்டுக்கு ஒரு அங்குலம் கூட வேண்டும். அந்த ஒரு அங்குலத்தையும் பக்கத் தையலிலேயே சேர்த்துவிட்டால் கைவளையம் (கையைப் பொருத்தும் துளை) அகன்று, கை பொருந்தாமல் நிற்கும். தோளின் நடுவில் இருந்து இடுப்பு வரை தாளை வெட்டி அங்கே கால் அங்குலம், கைவளையத்தின் நடுவில் கால், மிச்ச அரை பக்கத்தில் என்று பிரித்து விடுங்கள். டாட் (மார்புக்கு வடிவம் வரத் தைக்கும் கூர்மடிப்பு) முனையையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து உள்ளாடை மார்பை மேலே தூக்கிக் கூராக வைத்திருக்கும். பற்றனும் அதற்கேற்றபடிதான் வெட்டப்பட்டிருக்கும். இன்றைய உள்ளாடையோடு போட்டால் டாட் முனை மேலே நின்று அசிங்கமாகத் தெரியும். வரையும்போதே கீழே இறக்கிவிட வேண்டும்.

இன்னும் பழைய பற்றன்களில் எழுத்தே இருக்காது. வெறும் தாளில் துளைகள் மட்டும். எந்தத் துளை மடிப்பு, எது டாட், எது துணியின் நேர் நூல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூட வரும் விளக்கத் தாள் தொலைந்திருந்தால் அதை வாங்காமல் விடுவதே நல்லது. தாள் முழுதாக இருந்தால், சூடு குறைந்த இஸ்திரிப் பெட்டியால் நீர் தெளிக்காமல் மெல்ல நீவிவிட்டு, பிறவுண் பேப்பரில் படியெடுங்கள். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு உறை போடுகிற அதே பேப்பர்தான். எங்கள் வீடுகளில் வழக்கமாகப் பழைய பத்திரிகைத் தாளில்தான் வெட்டுவார்கள். வெள்ளைப் பொப்லினில் அதை வைத்துப் பாருங்கள், செய்தி முழுக்கத் துணியில் ஏறிவிடும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் பழைய பற்றனை நான் விடச் சொல்லமாட்டேன். காரணம் கொலரும் கையும். நல்ல பற்றனில் கொலரின் அடித்துண்டு மேல்துண்டை விட ஒரு நூலளவு சிறிதாக இருக்கும். அதனால்தான் விளிம்புத் தையல் வெளியே தெரியாமல் உள்ளே உருளும். கைத்தலைப்பின் (தோளோடு பொருந்தும் கையின் மேல்வளைவின்) முன்வளைவு பின்வளைவை விட ஆழமாக இருக்கும். உடம்போடு சேர்த்து வெட்டிய கையில், கக்கத்தில் வைர வடிவச் சிறு துண்டு ஒன்று வைப்பார்கள். கையைத் தூக்கினால் சட்டை கூடவே மேலே ஏறாது. இந்த வெயிலுக்குக் காற்றும் போகும். இவற்றைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வெளிக்கிட்டால் கிழமைக்கணக்காகும்.

பழைய வடிவங்களை இன்றைய அளவுகளில் திருத்தி வோக், பட்டரிக், சிம்ப்ளிசிட்டி மறுபடியும் வெளியிட்டிருக்கின்றன. பிடிஎஃப் ஆக வாங்கி அச்சடிக்கும் பற்றன்களும் உண்டு. சைஸ் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போட்டோக்கொப்பிக் கடையில் அச்சடிக்கும்போது மட்டும், நூறு வீதத்தில் அடிக்கச் சொல்லி, முதல் பக்கத்தில் இருக்கும் சோதனைச் சதுரத்தை அடிமட்டத்தால் அளந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கங்களை அடியுங்கள். ஏ4 தாள்களை ஒட்டுகிற வேலை அலுப்பு, வேறொன்றுமில்லை.

சரி, அம்மம்மாவின் சட்டை. இது எங்கள் ஊர் வழி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கரண்ட் இல்லாத வீடுகளில் கால்மெஷினும் கைமெஷினும்தான் ஓடின. புதுத் துணி அருமை. பழைய சேலை சட்டையாகும். பெரியவளின் சட்டை பிரிந்து சின்னவளுக்கு வரும். அந்தப் பழக்கம் கையில் உள்ளவர்களுக்கு இதைவிட லேசான வழி கிடையாது. அந்தச் சட்டை இந்த வெயிலுக்கென்று தைத்தது. சீத்தைத் துணி, லைனிங் கிடையாது, பிறகு விரிக்க வேண்டிவரும் என்று பக்கங்களில் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள். அமெரிக்கப் பற்றனில் பொதுவாக ஒரு சென்ரிமீற்றரும் அரையும்தான் விடுவார்கள்.

முழுச் சட்டையையும் பிரிக்க வேண்டாம். இடப்பக்கத்தை மட்டும் பிரியுங்கள். வலப்பக்கம் அப்படியே இருந்தால், எதை முதலில் பொருத்தித் தைத்தார்கள் என்று தடக்குப்படும்போதெல்லாம் திருப்பிப் பார்க்கலாம். பிரித்த துண்டின் உட்புறத்தில் வெயில் படாத நிறம் ஒரு கோடாகத் தெரியும். உண்மையான தையல் கோடு அதுதான். கழுத்தும் கைவளையமும் மட்டும் நம்ப முடியாத இடங்கள். வருடக்கணக்கில் கொடியில் தொங்கி இழுபட்டிருக்கும். இழுக்காமல் இஸ்திரி போட்டு, துணியின் நேர் நூலைப் பேப்பரின் நேர்கோட்டோடு பொருத்தித்தான் வரைய வேண்டும். இந்த வழியின் குறை ஒன்றே: அந்தச் சட்டை அம்மம்மாவின் உடம்புக்கு வெட்டியது. உங்கள் அளவும் அவருடைய அளவும் இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகினால், உறைப் பற்றனில் பட்ட பாட்டையே இங்கேயும் படவேண்டும். சட்டையும் பிரிந்தது பிரிந்ததுதான்.

கடைசியாகக் கொப்பி. உடுவிலில் 1824இல் அமெரிக்க மிசனரிமார் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கிய காலத்திலேயே தையலும் படிப்பித்தார்கள், ஆகவே இந்த வழிக்கு இங்கே வேர் ஆழம். மார்பு 36 என்றால் நாலில் ஒன்று 9. தளர்வுக்கு முக்கால் அல்லது ஒன்று. செலவு ஒரு தாளும் பென்சிலும். உடம்புக்குப் பொருந்துவதில் மற்ற இரண்டும் இதற்குக் கிட்ட வராது. ஆனால் கொப்பியில் வரும் கை பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒரே வளைவு. கொலர் நேர்த்துண்டு. தைத்து முடித்தால் உடம்பில் வடிவாக நிற்கும். 1950களின் சாயல்தான் இருக்காது.

பாவாடைப் பகுதிக்கோ பற்றனே வேண்டாம். இடுப்பு 28 என்றால் 6.28ஆல் வகுத்தால் நாலரை அங்குலத்துக்குக் கிட்ட வரும். அதுதான் உள்வட்டத்தின் ஆரை. நீளம் 27 வைத்தால் வெளிவட்டம் 31½. முழு வட்டத்துக்கு மூன்றரை யார் துணி போகும், தையலுக்கும் மடிப்புக்கும் கொஞ்சம் கூடக் கேட்டு வாங்குங்கள். கடையில் மீற்றரில்தான் வெட்டித் தருவார்கள் என்பதால் மூன்றரை மீற்றர் என்று கேட்டால் கணக்குச் சரி. பழைய உறையில் எழுதியிருக்கும் துணியளவு பெரும்பாலும் 35, 36 அங்குல அகலத்துக்கு உரியது. இப்போது நவீன சந்தைப் பக்கம் 45 அங்குல அகலத்தில் கிடைப்பதால், அதே நீளத்தில் ஓரமாக மிஞ்சும் துணியில் கொலரும் பெல்ட்டும் வெட்டிவிடலாம்.

ஆகவே நான் ஒன்றை மட்டும் தெரிவு செய்வதில்லை. உடல் பகுதிக்குக் கொப்பி, கொலருக்கும் கைக்கும் உறைப் பற்றன், பாவாடைக்கு வட்டக் கணக்கு. பற்றனின் கையை உங்கள் கைவளையத்தில் பொருத்தும்போது மட்டும் இரண்டு வளைவையும் ரேப்பால் அளந்து பாருங்கள். கை ஒரு அங்குலம், கூடினால் ஒன்றரை அங்குலம் நீண்டிருக்கலாம். அதைத் தோள் பக்கமாக நெருக்கி நூலோட்டி அடக்கிவிடலாம். அதற்கும் மேலே போனால் கை சுருங்கிப் பொங்கி நிற்கும், கைத்தலைப்பைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். சட்டையைப் பிரிக்கும் வழியை, அளவு ஏற்கெனவே சரியாக இருப்பவர்களுக்கும் கணக்கென்றால் தலையிடி வருபவர்களுக்கும் மட்டும் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும், வெட்டுவதற்கு முன் துணியைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துக் காயவிடுங்கள். பருத்தி சுருங்கும். மேற்சட்டையை முதலில் பழைய படுக்கை விரிப்பில் வெட்டிப் போட்டுப் பாருங்கள். சிப் வைக்கும்போது பழைய பற்றன் இடப்பக்க விலாவில் வைக்கச் சொல்லும். அதை முதுகுக்கு மாற்ற வேண்டாம், ஆள் உதவி இல்லாமலே போடலாம். பழைய இரும்புச் சிப் கிடைத்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தக் கடற்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும், நைலோன் சிப் போதும்.