தொகுதி வரைந்து பார்க்க ஒரு தளம்

அமெரிக்கத் தொகுதி எல்லைகளை நாமே வரைந்து பார்க்க உதவும் டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் தளத்தை இரண்டு வாரமாகப் பயன்படுத்துகிறேன். இலவசம். பகுதிகளுக்கு நிறம் பூசப் பூச, தொகுதியின் மக்கள்தொகையும் கூடவே மாறுகிறது.

அயோவாவில் தொடங்கினேன். 99 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்), 4 தொகுதிகள். நாடாளுமன்றத் தொகுதிக்காக எந்தக் கவுண்டியையும் உடைக்கக் கூடாது என்பது அந்த மாநில விதி. எளிது என்றுதான் நினைத்தேன். டி மாய்ன் நகரம் இருக்கும் போல்க் கவுண்டியைச் சேர்த்ததும், தொகுதிகளின் மக்கள்தொகையைச் சமமாக்கும் கணக்கு மொத்தமும் ஆட்டம் கண்டது. மூன்று இரவுகள் அதிலேயே போயின.

எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பெண் பகுதி. விகிதாசாரம் (வாக்குகளுக்கு ஏற்ற இடங்கள்), கச்சிதம் (நீண்டு வளையாத தொகுதி வடிவம்), போட்டித்தன்மை (எந்தக் கட்சியும் வெல்லக்கூடிய நிலை) என்று தனித்தனியாகக் காட்டுகிறது. ஒன்றை உயர்த்தினால் இன்னொன்று சரிகிறது. கோடு போடுபவர் கையில் எவ்வளவு அதிகாரம் என்று அப்போதுதான் உறைத்தது. புதியவர்கள் டெக்சாஸுக்கு அவசரப்பட வேண்டாம், அங்கே 38 தொகுதிகள்.