கியர் வழுக்குகிறது: ஆயில் குச்சியை நம்பலாமா, ஸ்கேனரையா, பிரஷர் கேஜையா?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, ஆர்பிஎம் முள் எகிறுகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் ஊர்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். (முள் எகிறாமல் வண்டி குலுங்கி இழுவை குறைந்தால், கியர்பாக்ஸை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்.) ஆனால் உள்ளே வழுக்குவது எது? அதைக் கண்டுபிடிக்கும் வழிகள் நான்கைந்து உண்டு. எல்லாமே ஒரே தரத்தவை அல்ல.

அமெரிக்க பிக்கப்புகளில் மிகப் பரவலான ஒரு கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்வோம்: ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-ஈ. 1993-இல் வந்தது, பின்னர் ஷெவர்லே சில்வராடோ 1500-இலும் பல ஆண்டுகள் ஓடியது. நான்கு கியர்கள்.

முதலில் எல்லோரும் இழுத்துப் பார்ப்பது ஆயில் குச்சி. காசு செலவில்லை, ஆகவே பார்த்துவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடேறிய பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். இந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். குறைந்த ஆயிலில் பம்ப் காற்றை உறிஞ்சும், எல்லாக் கியரும் வழுக்கும். ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போல வெளிறிய இளஞ்சிவப்பு தெரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளிருக்கும் பல கிளட்ச்சுகளில் ஏதோ ஒன்றின் தட்டு எரிந்திருக்கிறது. எந்தக் கிளட்ச் என்று மட்டும் குச்சி சொல்லாது.

வண்டியின் கணினியிலிருந்து பழுதுக் குறியீட்டை (கோடு) படிக்கும் ஸ்கேனர்காரர்கள் அடுத்து வருகிறார்கள். இந்தக் கியர்பாக்ஸில் பேர்போன கோடு பி1870. 'ஏதோ வழுக்குகிறது' என்பதுதான் அதன் முழுச் செய்தி. பெரும்பாலும் காரணம், ஆயிலைத் திசைதிருப்பும் வால்வு பாடியில் டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச்சுக்கான வால்வு ஓடும் அலுமினியத் துளை தேய்ந்துபோவது. (கன்வெர்ட்டர் இன்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது; அதன் கிளட்ச் சீரான வேகத்தில் இரண்டையும் நேரடியாகப் பூட்டும்.) இதில் ஒரு வேடிக்கை: வழுக்கலைக் கண்டதும் கணினி ஆயில் அழுத்தத்தை ஏற்றிவிடும். உடனே ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது வண்டி முதுகில் உதைக்கும். உதைப்பதைப் பார்த்து ஷிப்ட் சோலனாய்டை (கியர் மாற்றும் மின்வால்வு) மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் ஏராளம். கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டதா, எத்தனை ஆர்பிஎம் வழுக்குகிறது என்று ஓடும்போதே காட்டுவதில் ஸ்கேனருக்கு நிகரில்லை. அது கையில் இல்லையென்றால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில், ஆக்சிலரேட்டரை அசைக்காமல், இடது காலால் பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள். கிளட்ச் விடுபட்டு முள் சில நூறு ஆர்பிஎம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அது பூட்டியிருக்கவே இல்லை.

பிரேக்கை அழுத்திப் பிடித்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் ஸ்டால் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில நொடிகளில் ஆயில் கொதிக்கும் என்பது ஒரு பக்கம். அது சோதிப்பது முதல் கியரையும் ரிவர்ஸையும் மட்டுமே. இந்தக் கியர்பாக்ஸில் அடிக்கடி எரிவதோ மூன்று, நான்கு கியர்களுக்கான கிளட்ச்.

என் ஓட்டு, எந்தக் கியரில் எந்தக் கிளட்ச் பிடிக்கும் என்ற அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கியராக ஓட்டிப் பார்ப்பதற்கு. ஃபார்வர்டு கிளட்ச் எல்லா முன் கியர்களிலும் வேலை செய்கிறது. பேண்டு, அதாவது டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை, இரண்டிலும் நான்கிலும் பிடிக்கிறது. 3-4 கிளட்ச்சின் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது. இனி கழித்தல் கணக்குதான். ஒன்றும் இரண்டும் நன்றாக இழுத்து, மூன்றுக்கு மாறும்போது முள் எகிறினால், ரிவர்ஸும் ஒழுங்காக இருந்தால், 3-4 கிளட்ச். இரண்டும் நான்கும் மட்டும் போனால் பேண்டையோ அதை இயக்கும் சர்வோவையோ பாருங்கள். அவற்றோடு ரிவர்ஸும் சேர்ந்து போனால் சன் ஷெல் உடைந்திருக்கிறது. அந்த மூன்று கியர்களின் விசையும் அந்த ஒரே தகட்டுக் கூட்டின் வழியாகத்தான் போகிறது. டி-யில் நகராத வண்டி லிவரை 1-இல் வைத்ததும் நகர்ந்தால், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ரோலரோ ஸ்ப்ராக்கோ தோற்றுவிட்டது. முன்னும் பின்னும் எல்லாமே வழுக்கினால் ஆயில் அளவு, அடைத்த ஃபில்டர், பம்ப் என்று அந்தப் பக்கம் திரும்புங்கள். காலியான சாலையில் சிறிது நேரம் ஓட்டினால் போதும். வழுக்குவது உறுதியான பிறகு மேலும் மேலும் ஓட்டிப் பார்ப்பது மிச்சமிருக்கும் தட்டுகளையும் எரிக்கும்.

இந்த முறை எந்த உறுப்பு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அங்கேதான் பிரஷர் கேஜ் வருகிறது. கியர்பாக்ஸின் இடப்பக்கத்தில் ஒரு சிறிய திருகு மூடி இருக்கும். அதைக் கழற்றி 300 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை அளக்கும் கேஜை மாட்ட வேண்டும். கிளட்ச்சை அழுத்திப் பிடிப்பதே இந்த அழுத்தம்தான். எல்லாக் கியரிலும் குறைவாக இருந்தால் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு; கிளட்ச்சை மட்டும் புதிதாகப் போட்டால் அதுவும் எரியும். ஆயில் சூடாகி இளகிய பிறகும் அளந்து பாருங்கள். குளிரில் கெட்டியான ஆயில் சின்னக் கசிவுகளை மறைத்துவிடும். ஆனால் கேஜுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அது பிரதான அழுத்தத்தை மட்டுமே பார்க்கிறது. 3-4 கிளட்ச்சின் பிஸ்டன் சீல் கிழிந்து அங்கே மட்டும் கசிந்தால் முள் பெரும்பாலும் நல்ல அளவையே காட்டும்.

ஆகவே மூன்றும் நான்கும் வழுக்குகின்றன, கேஜ் சரியாக இருக்கிறது, ஆயில் கருகியிருக்கிறது என்றால் ஆயில் மாற்றுவதும் 'வழுக்கலை நிறுத்தும்' பாட்டில் மருந்தும் வீண் செலவு. கியர்பாக்ஸின் கீழ்த்தட்டை (ஆயில் பான்) கழற்றினால் வடிவது ஏறத்தாழ 5 லிட்டர்தான். ஏறக்குறைய அதே அளவு கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். கழற்றியது கழற்றியாகிவிட்டது, அந்தத் தட்டிலிருக்கும் காந்தத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய பசை வழக்கமானது. தட்டில் கறுப்புச் செதில்களும் பித்தளைத் துகள்களும் தெரிந்தால் புது ஆயிலை ஊற்றாமல், கியர்பாக்ஸை இறக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.