சினெட்ரோனா, யூடியூபா?

இந்தோனேசிய மொழி பழக எதைப் பார்க்கலாம், டிவி சீரியலா யூடியூபா என்று நிறைய பேர் குழம்புகிறார்கள். நான் இரண்டிலும் விழுந்து எழுந்தவன்.

நேரம்: சினெட்ரோன் (அங்கே சீரியலுக்கு அதுதான் பெயர்) முடியவே முடியாது. கஞ்சி விற்பவர் ஹஜ் போகும் கதையான 'துக்காங் புபுர் நாய்க் ஹாஜி' 2012இல் தொடங்கி 2017 வரை, 2000 எபிசோடுக்கு மேல் ஓடியது!
யூடியூப் பத்து நிமிடம், விட்டால் விட்டதுதான்.

மொழி: சீரியலில் கேமரா முகத்துக்குள் போய் நிற்க, வில்லி மனசுக்குள் நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வாள், கேலிக்குரிய விஷயம்தான், ஆனால் புதிதாகப் பழகுபவனுக்கு வரம், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்.
யூடியூபில் மரியாதையான 'சாயா' (நான்), 'அண்டா' (நீங்கள்) எல்லாம் அபூர்வம், ஜகார்த்தா பசங்களின் 'குவே', 'லோ'தான் (நான், நீ). வேகமும் அதிகம்.

தரம்: தினசரி ஒளிபரப்பைத் துரத்திக்கொண்டே எடுப்பதை 'கெஜார் தாயாங்' என்பார்கள், அந்த அவசரம் திரையில் தெரியும். யூடியூபில் காமெடியன் ரதித்யா திகா 2012லேயே 'மாலம் மிங்கு மிக்கோ' என்று குட்டிக் காமெடித் தொடர் கொண்டுவந்தார், எனக்கு அதுதான் பிடித்தது.

செலவு: டிவிக்குக் காசில்லை, ஆனால் அங்கே அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டதால் பழைய பெட்டிக்கு செட்டாப் பாக்ஸ் வேண்டும். யூடியூபுக்கு டேட்டா போதும்.

சரி, முதல் மூன்று மாதம் சினெட்ரோன். அப்புறம் ஜகார்த்தாவில் நண்பர்களோடு அரட்டை அடிக்க வேண்டுமென்றால் யூடியூப்.