வலிக்குதா? கட்டி கரையுதாம்!

"நீர்க்கட்டியை மூன்றே மாதத்தில் கரைக்கிறோம், ஆபரேஷன் தேவையில்லை" என்று பேனர் கட்டியிருக்கும் இடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் ஏமாந்தது திருப்பூரில். பெயர் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் பயம் கொஞ்சம் உண்டு. அதோடு, இதே மாதிரி கடை ஊருக்கு நாலு இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எனக்கு வயது 27. பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலேஜ் நாளிலிருந்தே பீரியட்ஸ் தள்ளித் தள்ளித்தான் வரும். ஐம்பது நாள், அறுபது நாள், ஒரு தடவை மூன்று மாதம். தாடை ஓரத்தில் முடி வேறு. வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியதும் அம்மாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா இந்த சென்டரைச் சொன்னார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளை கோட் போட்ட ஒரு பெண் உட்காரவைத்துப் பேசினார். டாக்டரா என்று கேட்டதற்கு "ஹெல்த் கோச் சிஸ்டர்" என்றார். ஸ்கேன் என்றதும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டு போயிருந்தேன். அதெல்லாம் வேண்டாமாம். சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து வயர், வயர் நுனியில் பேனா பருமனுக்கு ஒரு இரும்புக் கம்பி. வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டுக் கம்பியைக் கையில் கொடுத்தார். ஒரே நிமிடம். முப்பது பக்கம் பிரிண்ட் வந்து விழுந்தது. கல்லீரல், எலும்பு, கண், சினைப்பை, எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர். "இரண்டு பக்கமும் நீர்க்கட்டி சிஸ்டர், நல்லவேளை இப்பவே வந்தீங்க."

மூன்று மாத பேக்கேஜ் 18,600 ரூபாய். பவுடர் டப்பா ஆறு, மாத்திரை டப்பா மூன்று. பில் கேட்டேன். ஜிபே பண்ணினதே ரெக்கார்டுதானே என்றார்கள். பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

இரண்டாவது மாத ரிவ்யூவில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கம்பியைக் கொடுத்துவிட்டு கோச் போன் பேச வெளியே போனார். தம்பி "குடுக்கா பாப்போம்" என்று வாங்கிப் பிடித்துக்கொண்டான். திரும்பி வந்தவர் கவனிக்கவில்லை, பிரிண்ட் எடுத்தார். சினைப்பை நாற்பது சதவீதம் முன்னேற்றம். யாருடைய சினைப்பை? என் தம்பியுடையது! படி இறங்கும்வரை அடக்கிக்கொண்டு, வண்டிப் பக்கம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? அன்றைக்கு ராத்திரியும் பவுடரைக் கலக்கிக் குடித்தேன். பணம்தான் கட்டியாச்சே.

அதற்குள் வலது அடிவயிற்றில் வலி ஆரம்பித்திருந்தது. வரும், போகும். குனிந்து நிமிர்ந்தால் சுருக்கென்று இழுக்கும். போன் செய்தால், "கட்டி கரையுது சிஸ்டர், அதான் வலி. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." வலி கூடக்கூட எனக்கு நம்பிக்கையும் கூடியது, அதுதான் கொடுமை. ஆறு வாரம் இப்படியே ஓட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்க முடியாமல் எழுந்தேன். பாத்ரூம் வாசலிலேயே வாந்தி. அம்மா சோம்பு காய்ச்சிக்கொண்டு வந்தார், அதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் அப்பெண்டிக்ஸ் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். ஸ்கேனில் வலது சினைப்பையில் 8 சென்டிமீட்டருக்கு டெர்மாய்டு கட்டி (உள்ளே முடி, கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும் கட்டி), சினைப்பை அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்கிறது. முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று சினைப்பையே செத்துவிடுமாம். விடிவதற்குள் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முறுக்கைப் பிரித்து, கட்டியை எடுத்துவிட்டார்கள். சினைப்பை தப்பித்தது.

மறுநாள் டாக்டரம்மா பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு பிசிஓஎஸ், அதாவது பீரியட்ஸைத் தள்ளிப்போடும் ஹார்மோன் கோளாறு, இருப்பது நிஜம்தான். ஆனால் அதில் "நீர்க்கட்டி" என்று சொல்வது கட்டியே இல்லை. வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதில் கரைப்பதற்கு ஒன்றும் இல்லை, பொதுவாக அது இப்படி வலிக்கவும் வலிக்காது. வலி என்றால் வேறு காரணம் தேட வேண்டும்: டெர்மாய்டு, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வது), கிருமித் தொற்று, அப்பெண்டிக்ஸ், இப்படி ஏதாவது. டெர்மாய்டு வருஷக்கணக்கில் மெதுவாக வளர்வது. கம்பியைப் பிடித்த அன்றைக்கே யாராவது நிஜ ஸ்கேன் எடுத்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்.

பீரியட்ஸ் விஷயத்துக்கும் இப்போதுதான் ஒழுங்காக ரத்தப் பரிசோதனை நடந்தது. தைராய்டு, புரோலாக்டின், ஆண் ஹார்மோன், அப்புறம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து சுகர். தைராய்டு கோளாறிலும் பீரியட்ஸ் தள்ளிப்போகுமாம், அதை விலக்காமல் பிசிஓஎஸ் என்று முத்திரை குத்தக்கூடாதாம். மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸ் வராவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், அதற்காக வந்து மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீராக வாய்ப்புண்டு என்றார். இதற்கு 18,600 வேண்டியிருக்கவில்லை.

டப்பாவை அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். மருந்து லைசென்ஸ் நம்பர் கிடையாது. இருப்பது எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க நம்பர், அதாவது சாப்பாட்டுப் பொருளுக்கு வாங்குவது. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்யும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. பேனர் மட்டும் மெயின் ரோட்டிலேயே தொங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கோர்ஸை பாதியில விட்டது நீங்க" என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப் மெசேஜ், "கரையுது சிஸ்டர்" என்ற வாய்ஸ் நோட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

போன வாரம் அவர்களிடமிருந்து மெசேஜ்: "ஹாய் சிஸ்டர், மூணாவது ரிவ்யூ பெண்டிங். ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வந்தா 10% ஆஃபர்." தம்பியிடம் காட்டினேன். "எனக்கும்தான்க்கா ரிவ்யூ பாக்கி" என்றான்.