கம்பிக் கட்டப் பேனல் ஸ்டால்: பேனல் தங்கம், கனெக்டர் தகரம்

கன்வென்ஷன் எனப்படும் ரசிகர் விழாக்களில் நம் ஓவியப் பிரிண்ட்களை மாட்டி விற்கும் ஆர்ட்டிஸ்ட் ஸ்டால் போட, கம்பிகளைக் கட்டம் கட்டமாக வெல்டு செய்த இந்தக் கம்பிக் கட்டப் பேனல் வாங்கலாமா என்ற கேள்வி மறுபடியும் வந்திருக்கிறது. கேட்ட நேரம் சரியில்லை. பேனல்களை ஒன்றோடொன்று மாட்டும், விரிசல் விட்ட கனெக்டர்களை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மொத்த ஸ்டாண்டையும் கேபிள் டை (இழுத்து இறுக்கும் நைலான் பட்டை) போட்டுக் கட்டி முடித்த கையோடு எழுதுகிறேன்.

பேனல் மேல் ஒரு குறையும் இல்லை. 14 அங்குலச் சதுரம், மேலே பவுடர் கோட்டிங். கீறல் விழுமே தவிர வளையாது. பிரச்சினை முழுக்க கூடவே வரும் அந்த வட்டப் பிளாஸ்டிக் கனெக்டரில்தான். கம்பியை அதன் காடியில் (பள்ளத்தில்) அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். உராய்வைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட காடி அகன்றுபோகிறது. வீட்டில் துணி அடுக்கி ஒரு மூலையில் நிறுத்தி வைத்தால் காலத்துக்கும் நிற்கும். கன்வென்ஷனில் ஆளாளுக்குப் பிரிண்டைத் தொட்டு, இழுத்து, திருப்பிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இழுப்பும் பேனலை முன்னால் கொண்டுவரும். காடியின் உதடு திறக்கும். முதலில் விடுவது மேல் மூலை. அது விட்டால் பக்கத்துப் பேனலும் சேர்ந்து சரியும்.

இன்னொரு எரிச்சல்: ஏ3 பிரிண்டின் உயரம் 42 செ.மீ., பேனல் 35 செ.மீ.தான். ஆகவே பிரிண்ட் இணைப்பைத் தாண்டித்தான் தொங்கும். கொஞ்சம் நகர்த்தி மாட்டினாலும் பின்னாலிருக்கும் கனெக்டர் வட்டம் தாளைப் புடைக்க வைக்கும். உறையில் போட்ட பிரிண்ட் என்றால் அந்தப் புடைப்பில் விளக்கொளி பளீரென்று அடித்து, படமே தெரியாது.

இப்போது இருக்கும் அமைப்பு இது. 6 அடி டேபிளுக்கு 12 பேனல். இடது, வலது என ஒவ்வொரு பக்கத்திலும் 3 பத்தி, 2 வரிசை. இரண்டு பத்தி டேபிளின் பின் விளிம்பில், மூன்றாவது வெளி ஓரத்தில் வாங்குபவர் பக்கமாக மடங்கி நிற்கும். இந்த மடக்கு இல்லாமல் நேராக நிறுத்தினால் கவிழும். நடுவில் 16 அங்குலம் இடைவெளி மிஞ்சும். முகம் தெரியவும் காசு வாங்கவும் அது போதும். முழு அகலத்துக்கும் சுவர் எழுப்பிவிட்டுப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தால் வியாபாரம் ஆகாது.

ஒரு இணைப்புக்கு 2 டை, ஆக 28. மேல்-கீழ் பேனல்களை இறுக்கிக் கட்டுங்கள். பக்கவாட்டு இணைப்பை மட்டும் சற்றுத் தளர்வாக விட்டால் அதுவே கீல்; வேலை முடிந்ததும் மடித்து 14க்கு 28 அங்குலக் கட்டாக எடுத்துப் போகலாம். டையின் வாலை ஒட்ட நறுக்கும் கட்டர் அவசியம். சாதாரணக் கத்தரியில் வெட்டினால் மிஞ்சும் முனை கையையும் கிழிக்கும், பிரிண்ட் உறையையும் கிழிக்கும். நைலான் வறண்டால் நொறுங்கும் என்பதால் உபரியாக ஒரு பத்து பையில் இருக்கட்டும்.

பேனலை டேபிளோடு கவ்விப் பிடிக்க அடியில் கிளாம்ப் போடாமல் விடாதீர்கள், முக்கியமாக நடு இடைவெளியை ஒட்டிய ஓரத்தில். அதிகம் ஆடுவது அதுதான். மடக்கு பிளாஸ்டிக் டேபிளின் விளிம்பு உருண்டையாக இருக்கும், கிளாம்ப் வழுக்கும். இடையில் ஒரு துண்டு ரப்பர் மேட் வையுங்கள்.

இழுப்பைக் குறைக்க ஒரே வழி எண். மாட்டியிருப்பது காட்சிப் பிரதி மட்டும். மூலையில் பெரிதாக எண் ஒட்டுங்கள். ‘7 கொடுங்க’ என்றால் ஃபோல்டரிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம், பேனலில் யார் கையும் படாது. உறைக்குள் அட்டை வைத்து, பைண்டர் கிளிப்பை உறையின் மடலில் மட்டும் கடிக்க விட்டால் தாளில் தடம் விழாது. கீசெயினுக்கு எஸ் கொக்கி போதும். இந்த விஷயத்தில் பேனலை அடிக்க ஆளே இல்லை: கூட்டம் குறைந்த நேரத்தில் மொத்த வரிசையையும் நிமிஷத்தில் மாற்றி அடுக்கலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, வாங்கலாமா என்றால் என் பதில்: வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டு, டையும் கிளாம்பும் தனியாக வாங்க வைக்கும் பொருளுக்கு இன்று நல்ல வார்த்தை வரவில்லை. அடுத்த கன்வென்ஷன் முடிந்து கேளுங்கள், வேறு மாதிரிகூடச் சொல்வேன். அதற்குள் யாராவது பழைய பேனலை வெறும் பேனலாக விற்றால், வெல்டு விட்டிருக்கிறதா என்று மூலைகளை அசைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.