ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எங்கள் வெள்ளச்சிக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. அவளை எங்களுக்கு விற்றவருக்கு அது அன்றைக்கே தெரியும். நம்ம ஊர் நாயை வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு இன்னும் பலர் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

மதுரைக்கு வெளியே தனி வீடு, சுற்றிலும் காலி மனைகள். காவலுக்கு நாய் வேண்டும் என்றதும் எனக்கு வேறு இனமே தோன்றவில்லை. சிறு வயதில் மாமா வீட்டுத் தோப்பில் ஒரு ராஜபாளையம் இருந்தது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். 2005ல் இந்திய நாய் இனங்கள் நான்குக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. அதை வெட்டி எடுத்து வைத்திருந்தவன் நான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் விற்பவரின் எண் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். ஏழு குட்டிகள் கூட்டமாக ஓடி வருகின்றன, ஒருவர் விசில் அடித்ததும் எல்லாம் திரும்பிப் பார்க்கின்றன. "கேசிஐ பேப்பர் உண்டு அண்ணே, சிப் போட்டாச்சு, தடுப்பூசி போட்டாச்சு" என்றார். கேசிஐ பேப்பர் என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்றிதழ், சிப் என்பது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் கொண்ட சில்லு. விலை 22,000. முன்பணம் 5,000 ஜிபேயில் போடச் சொன்னார். கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. மச்சான் கணக்கு என்றார். சரி என்று போட்டேன்.

தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "குட்டி போட்ட நாய் அண்ணே, வெளி ஆளைக் கண்டா கடிச்சிரும். நீங்க அவ்வளவு தூரம் வர வேண்டாம், நானே கொண்டாந்து தர்றேன்" என்றார். என் வசதிக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஜூலை 9 அன்று ஒரு பேருந்து நிலையத்தின் வெளியே, அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மே 14ல் பிறந்தது, 56 நாள் ஆகிறது என்றார். மீதிப் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, "பேப்பரே வரப்போகுது, அப்புறம் எதுக்கு ரசீது?" என்றார்.

இரண்டு நாள் கழித்து கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தவர், "இது 56 நாள் குட்டி இல்ல சார், ஐந்து வாரம் இருந்தா அதிகம்" என்றார். அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும். ஆனால் குட்டி கையில் வந்த பிறகு மனது கணக்குப் பார்ப்பதில்லை.

ஆடி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை எங்கள் தெருக் கோயிலில் அதிர்வேட்டுப் போட்டார்கள். தெரு நாய்கள் எல்லாம் வண்டிகளுக்கு அடியில் ஒடுங்கின. வெள்ளச்சி திண்ணையில் நல்ல உறக்கத்தில் கிடந்தாள். காது மடல்கூட அசையவில்லை. "தைரியமான குட்டி" என்று அம்மா பெருமைப்பட்டார். என் மனைவிதான் குக்கர் மூடியை அவள் தலைக்குப் பின்னால் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை, இன்னும் பலமாகத் தட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "என்னங்க, இதுக்குக் காது கேக்கல" என்றாள்.

மருத்துவர் சோதித்துவிட்டு அதையே சொன்னார். அவர் விளக்கியதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் உயிரோடு இருக்க, அங்கே நிறமிச் செல்கள் இருக்க வேண்டும். உடல் முழுக்க வெளுப்பாக்கும் மரபணு சில குட்டிகளில் உள்காதிலும் நிறமி இல்லாமல் செய்துவிடுகிறது. அப்படியானால் பிறந்த சில வாரங்களுக்குள் அந்தச் செல்கள் அழிந்துவிடும். வெளியே காது அழகாகத்தான் இருக்கும். மருந்தோ அறுவை சிகிச்சையோ கிடையாது.

ராஜபாளையத்தில் இந்தக் குறை இருப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் உள்ள டால்மேஷன் இனத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. நீலக் கண் உள்ள நாய்களில் அது இன்னும் அதிகம். ஓர் இனம் எப்படி இருக்க வேண்டும் என்று கென்னல் கிளப்புகள் எழுதி வைப்பதுதான் இனத் தரம். அமெரிக்க இனத் தரம் டால்மேஷனுக்கு நீலக் கண்ணை அனுமதிக்கிறது, பிரிட்டனின் தரம் ஏற்பதில்லை, பிரிட்டனில் காது கேளாமையும் குறைவு. கண் என்ன நிறத்தில் இருக்கலாம் என்று தரத்தில் எழுதும் ஒரு வரி எத்தனை குட்டிகளின் காதைக் காப்பாற்றும் என்று இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நாமோ நேர் எதிர்த் திசையில் போனோம். வெள்ளை வேண்டும், சுத்த வெள்ளை வேண்டும், ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று கேட்டுக் கேட்டு, நிறத்தோடு பிறந்த குட்டிகளை ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே வந்தோம். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். விற்பவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே "புள்ளி இருக்கா?" என்பதுதான். "காது கேக்குமா?" என்று கேட்கவே இல்லை.

விற்றவரிடம் போனில் சொன்னேன். மறுக்கவே இல்லை. "வெள்ளைன்னா ஈத்துக்கு ஒண்ணு ரெண்டு அப்படி வரத்தான் செய்யும் அண்ணே. அதைக் கொண்டாந்து விட்டுருங்க, அடுத்த ஈத்துல வேற குட்டி தர்றேன்" என்றார். கொண்டு வந்து விட்டால் இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் விலையில் 2,000 குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. வெள்ளச்சி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

பேப்பர் வர மூன்று மாதமும் எத்தனையோ அழைப்புகளும் ஆயின. வந்த சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 4 என்று இருந்தது. அது உண்மை என்றால் தாயிடமிருந்து பிரித்தபோது குட்டிக்கு 35 நாள். மத்திய அரசின் 2017 நாய் வளர்ப்பு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சான்றிதழில் 15 இலக்க சிப் எண்ணும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். ரீடரைக் கழுத்தில் வைத்தார், தோளில் வைத்தார், வயிறு வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். சிப்பே இல்லை. அதாவது அந்தப் பேப்பர் வேறு ஏதோ ஒரு நாயுடையது. அதன் மேல் இருக்கும் அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பெயர் எதுவும் என் நாய்க்குச் சொந்தமில்லை.

பேப்பர் நிஜமாகவே இருந்தாலும் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்றிதழ், இந்தக் குட்டி இன்ன தாய்க்கும் இன்ன தகப்பனுக்கும் பிறந்தது என்கிற வம்சாவளிப் பதிவு. காது கேட்கிறது, இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறது என்று அது உத்தரவாதம் கொடுப்பதில்லை. ஆனால் ஒன்றை அதில் நாமே பார்க்கலாம். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அண்ணன் தங்கையையோ அப்பா மகளையோ சேர்த்து எடுத்த ஈத்து என்று தெரிந்துவிடும். பிரிட்டனில் 2008ல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று பெரிய சர்ச்சையைக் கிளப்பிய பிறகு, அங்குள்ள கென்னல் கிளப் 2009 முதல் அப்படிப்பட்ட நெருங்கிய சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதை நிறுத்தியது. பல இனங்களின் தரத்தையும் அப்போது திருத்தி எழுதினார்கள். பதிவு என்பது இப்படித்தான் பயன்பட வேண்டும். எங்களுக்கு வந்தது விலையை ஏற்றுவதற்கான ஒரு தாள், அவ்வளவுதான்.

இப்போது குட்டி வாங்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், விற்பவர் இருக்கும் இடத்துக்கே போங்கள். பேருந்து நிலையம், ஹைவே ஓரம், பாதி வழி என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். தாயைப் பாருங்கள், முடிந்தால் கடுவனையும் பாருங்கள், இரண்டையும் பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிடச் சொல்லுங்கள். குட்டிகளைக் கூட்டமாக வைத்துச் சோதிப்பது வீண். காது கேட்காத குட்டி மற்றவை ஓடுவதைப் பார்த்து ஓடும், அவை திரும்பினால் தானும் திரும்பும். எனக்கு வந்த வீடியோவில் நடந்தது அதுதான். உங்கள் குட்டியைத் தனியாக ஓர் அறைக்குக் கொண்டு போங்கள். அது தூங்கும் வரை காத்திருங்கள். அதன் கண்ணில் படாமல், காற்றும் தரை அதிர்வும் படாமல், சாவிக்கொத்தை ஆட்டுங்கள், விசில் அடியுங்கள். ஒரு தடவையோடு விடாமல் நாலைந்து தடவை செய்யுங்கள்.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும். சத்தம் கேட்டு எழும், ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். வீட்டில் வளர்க்க அது பெரிய சிரமம் இல்லை. அதை வைத்துக் குட்டி எடுத்தால்தான் ஆபத்து, அதன் குட்டிகளில் குறை அதிகமாக வரும். இரண்டு காதையும் தனித்தனியாக உறுதி செய்ய பேயர் என்கிற சோதனைதான் வழி. தலையில் சிறு மின்முனைகள் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் ஒலி கொடுத்து மூளையின் எதிர்வினையை வரைபடமாக எடுப்பார்கள். வெளிநாடுகளில் டால்மேஷன் வளர்ப்பவர்கள் ஐந்தாறு வாரத்திலேயே இதை எடுத்துவிடுகிறார்கள். உங்களிடம் யாராவது சோதித்தாச்சு என்றால் அந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சிப் ரீடர் உள்ள மருத்துவரிடம் விற்பவரையும் அழைத்துக்கொண்டு போய், எண்ணைச் சரிபார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மாநில விலங்குகள் நல வாரியத்தில் வளர்ப்பாளராகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2017 விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. அவர் பெயரிலுள்ள கணக்குக்கே பணம் அனுப்புங்கள். கையெழுத்திட்ட ரசீதில் பிறந்த தேதி, சிப் எண், காது கேட்கிறது என்ற ஒரு வரி எல்லாம் இருக்கட்டும். நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது ரசீதைத்தான். என் கையில் இருந்தது மச்சான் கணக்குக்குப் போட்ட 5,000 ரூபாயின் ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

வெள்ளச்சியைப் பற்றிக் கேட்பீர்கள். நன்றாக இருக்கிறாள். கை அசைத்தால் வருவாள், உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவாள், இரவில் டார்ச்சை இரண்டு தடவை அடித்தால் வாசலுக்கு வருவாள். தூங்கும்போது தொட்டு எழுப்ப மாட்டோம், திடுக்கிட்டுக் கடித்துவிடுவாள் என்பதால் தரையைத் தட்டி எழுப்புவோம். கயிறு இல்லாமல் தெருவில் விடுவதே இல்லை. ஒருமுறை கேட் திறந்திருந்து வெளியே போனவள், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த வேனுக்கு விலகவில்லை. ஓட்டுநர் பிரேக் அடித்ததால் பிழைத்தாள். எட்டு மாதத்திலேயே கருத்தடை செய்துவிட்டோம்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் பேசினார். அதே ஈத்தில் அதே ஆளிடம் வாங்கியிருக்கிறார், அவருடைய கடுவனுக்கும் காது கேட்கவில்லை. இருவர் கையிலும் உள்ள சான்றிதழை ஒப்பிட்டோம். இரண்டிலும் ஒரே சிப் எண். இரண்டையும் சேர்த்து கென்னல் கிளப்புக்கும் விலங்குகள் நல வாரியத்துக்கும் எழுதியிருக்கிறோம். 2023 ஜூலை வாக்கில் தென் மாவட்டங்களில் பேருந்து நிலைய வாசலில் வெள்ளைக் குட்டி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் நாய்க்கு முதலில் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்குத் தகவல் அனுப்புங்கள், புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துவிடலாம்.